நுரையில் இருக்கிறது சூட்சுமம்

‘பெண்கள் படிக்கும் பக்கத்தில் முகச் சவரத்துக்கு என்ன வேலை?’ என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். கண்ணாடி முன்னாலிருந்து “ஸ்ஸ்... அப்பாடா!” என்று சத்தம் வந்ததும் பஞ்சையும் படிகாரத்தையும் தேடிக்கொண்டு ஓடுகிறவர் யார்? நீங்கள்தானே! படுக்கையில் விழுந்துவிட்ட மாமனாருக்கோ, கை நடுங்கும் தகப்பனாருக்கோ சவரம் செய்துவிடும் பொறுப்பும் பல வீடுகளில் பெண்கள் கைக்குத்தான் வந்து சேருகிறது.

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1949-ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி வந்ததிலிருந்து தொழிற்சாலைகள் பெருகிய வட்டாரம் அது. காலை ஷிப்டுக்கு ஓடுகிறவர் நிதானமாக நுரை குழைத்துக்கொண்டு நிற்பாரா? போதாக்குறைக்கு, ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகள் வேறு.

துவரம் பருப்பு எத்தனை நேரமானாலும் வேகாமல் கல்லாய் நிற்கிறதா? வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிகிறதா? அதே தண்ணீர்தான் உங்கள் வீட்டுக்காரரின் கன்னத்துக்கும் எதிரி. அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. நுரையாக வேண்டிய சோப்பு கசடாகப் போனால் பிளேடு எதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும்? குடிநீரில் இந்தக் கடினத் தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். காய்ச்சி ஆறவைத்துத் தெளிந்த நீரை இறுத்தால் ஓரளவு குறையும். அதைவிட உத்தமம் மழைநீர். நம் மாநிலத்தில் 2003 முதல் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாயிற்றே! ஐப்பசி, கார்த்திகையில் ஒரு குடம் பிடித்து மூடி வையுங்கள். ஒரு சவரத்துக்கு ஒரு டம்ளர் தாராளம்.

குளிக்கிற சோப்பையே தேய்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. பாவம்! தேங்காயெண்ணெய்ச் சோப்பு பொங்கிப் பொங்கி நுரைக்கும். ரேஸரை எடுப்பதற்குள் அடங்கிவிடும். சவரச் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம். அதனால்தான் அந்த நுரை அடர்த்தியாக நிலைத்து நிற்கிறது.

இனி குழைக்கும் விதம். பிரஷை வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிஷம் ஊறவிடுங்கள். அதே நேரம் ஈரத் துணியை முகத்தில் ஒற்றி வையுங்கள். மயிர் நீரை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிடும். பிரஷை ஒருமுறை உதறிவிட்டுச் சோப்பின்மேல் அரை நிமிஷம் சுழற்றுங்கள். பிறகு கிண்ணத்தில் குழைக்கும்போது தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும். சப்பாத்தி மாவு பிசையும் கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன! பளபளப்பில்லாமல் வறண்டிருந்தால் இன்னும் ஒரு சொட்டு. பெரிய பெரிய குமிழிகளாக வழிந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. கடைந்த வெண்ணெய் போல மினுங்கி நின்றால் பதம் சரி.

மோவாயையும் மேலுதட்டையும் கடைசியில் மழியுங்கள். அங்கே மயிர் முரடு. ஊற அவகாசம் வேண்டும். மயிர் வளரும் திசையிலேயே, அழுத்தாமல் இழுங்கள். மறுமுறை இழுப்பதானால் மறுபடி நுரை பூசாமல் கத்தி வைக்கக் கூடாது.

வயதானவர்களுக்குச் செய்யும்போது தளர்ந்த தோலை ஒரு விரலால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்காரருக்குச் சின்னக் கீறல்கூட ஆற நாளாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ ரத்தம் லேசில் நிற்காது. பிளேடே வேண்டாம், மின்சார ரேஸர் மேல். அப்பாவின் பிளேடைப் பிள்ளை எடுப்பது சிக்கனம் அல்ல; மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வரும்.

பிரஷ் சமாசாரத்திலும் அலட்சியம் கூடாது. முதல் உலகப் போர்ச் சமயத்தில், சுத்தம் செய்யாத குதிரை மயிரில் செய்த பிரஷ்களால் சிப்பாய்களுக்கு அடைப்பான் நோய் வந்ததுண்டு. இன்றைக்கு அந்தப் பயமில்லை. ஆனாலும் ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். நன்றாக அலசி, உதறி, ஜன்னலோரம் காற்றுப் படும்படி மாட்டிவிடுங்கள்.