நனைந்தாலும் பொறி கக்கும் கம்பி!

இரவு மணி 7. மலை அடிவாரத்தில், முகாம் போடுவதற்கென்றே ஒதுக்கிய இடம். அங்கே ஒரு கூடாரம். அப்போதுதான் மழை விட்டிருக்கிறது. குழந்தைகளுக்கு நல்ல பசி. அரிசி இருக்கிறது. பருப்பு இருக்கிறது. மூன்று கல்லை வைத்து அடுப்பும் கூட்டியாகிவிட்டது.

அப்பா தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை உரசினார். பற்றவில்லை. இரண்டு, மூன்று, பத்து என்று உரசிக்கொண்டே போனார். மருந்துதான் உதிர்ந்தது. நெருப்பு வரவில்லை. தீப்பெட்டி நமத்துப் போய்விட்டது!

இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது. விரல் நீளம்தான் இருக்கும். பார்த்தால் பென்சில் துண்டு மாதிரி தெரியும். இரும்புத் தகட்டால் அதை அழுத்திச் சுரண்டினால், மத்தாப்பு போலப் பொறி கொட்டும். தண்ணீரில் முக்கி எடுத்து, துடைத்துவிட்டுச் சுரண்டினாலும் கொட்டும்!

இதுதான் தீப்பொறிக் கம்பி. காட்டிலும் மலையிலும் முகாம் போடுகிறவர்கள் இதைப் பையில் வைத்திருப்பார்கள். சிகரெட் லைட்டரில், சக்கரத்துக்கு அடியில் "கல்" என்று ஒன்று வைக்கிறார்களே, அதுவும் இதே சரக்குதான். பெயர்தான் கல். உண்மையில் அது உலோகம்.

சிக்கிமுக்கிக் கல்லின் தம்பி

அந்தக் காலத்தில் சிக்கிமுக்கிக் கல்லையும் இரும்பையும் தட்டி நெருப்பு உண்டாக்கினார்கள். கல் பட்டதும் இரும்பிலிருந்து மிகச் சிறிய தூள் தெறிக்கும். உரசிய சூட்டில் அந்தத் தூள் எரியும். அதுதான் பொறி.

தீப்பொறிக் கம்பியிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஆனால் இதில் "சீரியம்" என்ற உலோகம் இருக்கிறது. சீரியத் தூள் தீப்பிடிக்க 200 டிகிரி சென்டிகிரேடு சூடுகூட வேண்டாம். கம்பியைச் சுரண்டும்போது உண்டாகும் சூடே போதும். தூள் காற்றில் பட்டதும் தானே எரிகிறது. எரியும்போது அதன் சூடு சுமார் 3 ஆயிரம் டிகிரி வரை போகிறது!

தீக்குச்சியில் இருப்பது மருந்து. ஈரம் பட்டால் அது கெட்டுவிடும். கம்பியில் இருப்பது உலோகம். ஈரம் பட்டால் துடைத்துவிடலாம். ரகசியம் அவ்வளவுதான்.

குப்பையில் கிடைத்த புதையல்

இதைக் கண்டுபிடித்தவர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். ஆஸ்திரியா நாட்டு ரசாயன நிபுணர். 1858-ம் ஆண்டு வியன்னா நகரில் பிறந்தவர்.

கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதற்குள்ளே வெள்ளை வெளேர் என்று ஒளி விடும் வலை ஒன்று உண்டு. அதற்கு "மாண்டில்" என்று பெயர். அந்த மாண்டிலைக் கண்டுபிடித்தவரும் இதே வெல்ஸ்பாக்தான்!

மாண்டிலில் 100-க்கு 99 பங்கு தோரியம் கலந்த பொருள். சீரியம் கலந்த பொருள் ஒரே ஒரு பங்கு. இந்த இரண்டும் "மோனசைட்" என்ற கடற்கரை மணலில் கிடைக்கின்றன. இங்கேதான் சிக்கல் வந்தது. மோனசைட்டில் தோரியம் கொஞ்சம்தான். சீரியமும் அதன் கூட்டாளி உலோகங்களும்தான் அதிகம். தோரியத்தை எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்கினார்கள். வேண்டாத சரக்கு மலை போலக் குவிந்தது.

"இதை என்ன செய்வது?" என்று வெல்ஸ்பாக் யோசித்தார்.

சீரியத்தைச் சுரண்டினால் பொறி வரும். ஆனால் அது மெத்தென்ற உலோகம். சுரண்டினால் தூளாக உதிராது. எனவே அவர் அதில் இரும்பைக் கலந்து பார்த்தார். 100-க்கு 70 பங்கு சீரியக் கலவை, 30 பங்கு இரும்பு. உலோகம் கெட்டியாயிற்று. சுரண்டியதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பொறி மழையாகக் கொட்டியது!

1903-ம் ஆண்டில் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஒதுக்கித் தள்ளிய குப்பை, உலகம் எங்கும் நெருப்பு மூட்டும் பொருளாக மாறியது.

மணவாளக்குறிச்சி மணல்

இந்தக் கதையில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுக்கும் இடம் உண்டு.

மோனசைட் மணல் முதலில் பிரேசில் நாட்டிலிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதே சமயத்தில் திருவிதாங்கூரில் இருந்து தேங்காய் நாரும் கப்பல் ஏறிப் போனது. அந்த நாரில் மணல் ஒட்டியிருந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஷோம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர் அந்த மணலைச் சோதித்தார். அது மோனசைட்!

1909-ம் ஆண்டில் அது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் என்று கண்டுபிடித்தார். பிறகு அங்கேயே மணல் பிரிக்கும் ஆலையும் ஏற்பட்டது. அன்று திருவிதாங்கூரில் இருந்த அந்த ஊர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

பொறி வேறு, நெருப்பு வேறு

கம்பி கையில் இருந்தால் உடனே நெருப்பு வந்துவிடுமா? வராது! புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பொறி கண் இமைக்கும் நேரம்தான் இருக்கும். அதற்குள் அதைப் பிடித்துக்கொள்ள ஒன்று தயாராக இருக்கவேண்டும். விறகின் மேல் நாள் முழுவதும் பொறியைக் கொட்டினாலும் விறகு பற்றாது.

முதலில் வேண்டியது பஞ்சு போன்ற பொருள். உலர்ந்த தேங்காய் நாரை எடுத்து, தும்பு தும்பாகப் பிரித்து, குருவிக்கூடு போல உருட்டி வைக்கலாம். வாசலின் தடவிய பஞ்சும் நன்றாகப் பிடிக்கும். சில நிமிடம் நின்று எரியும்.

அடுத்தது சுள்ளி. தீக்குச்சி கனத்தில் கொஞ்சம், பென்சில் கனத்தில் கொஞ்சம். மழை பெய்திருந்தால் தரையில் கிடப்பதை எடுக்கக்கூடாது. கனமான விறகைப் பிளந்தால் உள்ளே உலர்ந்திருக்கும். அதைச் சீவிக்கொள்ளலாம். கடைசியாகத்தான் பெரிய விறகு. இவ்வளவையும் பக்கத்தில் எடுத்து வைத்த பிறகுதான் கம்பியைத் தொடவேண்டும்.

புதுக் கம்பியின் மேல் கறுப்புப் பூச்சு இருக்கும். முதலில் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். கம்பியின் நுனியை நாரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தகட்டைச் சாய்த்து வைத்து, நன்றாக அழுத்த வேண்டும். பிறகு தகட்டை அசைக்காமல், கம்பியை மட்டும் பின்னால் இழுக்க வேண்டும். தகட்டை முன்னால் தள்ளினால் கை இடித்து நார் கலைந்துவிடும். வேகம் முக்கியம் அல்ல. அழுத்தம்தான் முக்கியம். தகடு இல்லாவிட்டால் கத்தியின் முதுகால் சுரண்டலாம். கூர்ப்பக்கத்தால் சுரண்டினால் கத்தியும் கெடும், கையும் வெட்டுப்படும்.

நாரில் கனல் தெரிந்ததும் மெதுவாக ஊத வேண்டும். சுடர் எழுந்ததும் மெல்லிய சுள்ளி, பிறகு பருத்த சுள்ளி, பிறகு விறகு. இந்த வரிசை மாறக்கூடாது.

அணைப்பதும் ஒரு வேலை

மூட்டத் தெரிந்தவருக்கு அணைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. மலையேறப் போனவர்கள் அதில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்று தமிழ்நாடே பார்த்தது.

எனவே, காப்புக் காட்டுக்குள் நெருப்பு மூட்டவே கூடாது. அது சட்டப்படி குற்றம். அனுமதித்த இடத்தில் மட்டுமே மூட்டலாம். பலத்த காற்று அடித்தால் அங்கேயும் கூடாது. கூடாரத்துக்குள் கரி மூட்டம் போடுவது உயிருக்கே ஆபத்து. அதில் வரும் விஷவாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

கிளம்பும்போது நெருப்பின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். சாம்பலைக் கிளற வேண்டும். மறுபடியும் ஊற்ற வேண்டும். புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை என்று அர்த்தம்.

சோறு கொதித்தது

கூடாரத்துக்குத் திரும்புவோம். அப்பாவின் பையில் கம்பி இருந்தது. ஆனால் சுற்றிலும் எல்லாமே ஈரம். பொறியைப் பிடிக்க என்ன செய்வது?

அம்மா சாமான் பையைத் திறந்தார். சட்டினி அரைப்பதற்காகக் கொண்டுவந்த தேங்காய், மட்டையோடு இருந்தது. மேல் மட்டையை உரித்தார். உள்ளே உலர்ந்த நார்! பிரித்து உருட்டிக் கொடுத்தார். மூத்த பையன் விறகைப் பிளந்து, உள் பக்கத்தைச் சீவிக் கொடுத்தான்.

அப்பா கம்பியை ஒருமுறை இழுத்தார். இரண்டாம் முறை இழுத்தார். மூன்றாம் முறை நாரில் பொறி விழுந்தது. புகைந்தது. மெதுவாக ஊதினார். குப்பென்று பற்றிக்கொண்டது!

அரை மணி நேரத்தில் சோறு கொதித்தது. சாப்பிட்டு முடித்ததும், கடைக்குட்டி ஒரு செம்புத் தண்ணீரோடு அடுப்பருகே போய் நின்றாள். நெருப்பை அணைப்பது அவள் முறை!