பசளைச் சிபாரிசும் கணனிக் கணக்கும்

கமக்காரர் பலர் கடன்பட்டே பசளை வாங்குகின்றனர். ஆகவே, சிபாரிசு செய்யப்படும் அளவு எத்துணை உறுதியானது என்பதை அறிதல் அவசியமாகும்.

பரிசோதனைத் துண்டுகளின் விளைவைக் கொண்டு ஒரு நேர்கோடு பொருத்தப்பட்டதெனக் கொள்வோம். கூடுதலாக இடும் ஒவ்வொரு கிலோ யூரியாவுக்கும் சராசரியாக 5 கிலோ நெல் கூடும் என அது காட்டுகிறது. இவ்வெண் ஒரு மதிப்பீடேயாம். வேறு துண்டுகளிற் பரிசோதித்திருப்பின் சிறிது மாறியிருக்கும். அதன் நியம வழு 1 கிலோ என்க.

நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான ‘ஆர்’ என்னும் மென்பொருள், இவ்விரண்டையும் கொண்டு, உண்மையாக இருக்கக்கூடிய எண்களை எழுந்தமானமாக 1000 தடவை எடுத்துத் தரும். அவற்றுள் ஏறக்குறைய 950 எண்கள் 3க்கும் 7க்கும் இடையில் அமையும். ஒரு கிலோ யூரியாவின் விலை 4 கிலோ நெல்லின் விலைக்குச் சமமாயின், ஏறக்குறைய 840 எண்கள் இலாபத்தையும் 160 எண்கள் நட்டத்தையும் காட்டும்.

கோட்டின் தொடக்க எண்ணையும் சரிவையும் தனித்தனியே எடுத்தலாகாது. ஒன்று உயர மற்றது தாழ்தல் பெரும்பாலும் இயல்பாதலின், இரண்டையும் சேர்த்தே எடுத்தல் வேண்டும்.

பரிசோதனையில் அடங்காத மண்ணையோ வெள்ளத்தையோ வரட்சியையோ இக்கணக்கு அறியாது. ஆதலால், புதிய அளவை முதலில் ஒரு சிறு துண்டில் இட்டு, பழைய அளவிட்ட துண்டின் விளைவுடன் நிறுத்து ஒப்பிடுக. விவசாயப் போதனாசிரியரிடம் ‘எவ்வளவு கூடும்?’ என்று மட்டுமன்றி, ‘எதிலிருந்து எதுவரை கூடும்?’ என்றும் கேட்டறிவீர்களாக.