ஊமையான ஒலிபெருக்கி



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி நாடக விழாவுக்குச் சென்றிருந்தேன். தாழ்ந்த ஒலிகளுக்கென்றே இரண்டு பெரிய சப்வூஃபர் பெட்டிகளை மேடையின் கீழே வைத்திருந்தார்கள். இடி முழங்க வேண்டிய கட்டத்தில் மேல் ஒலிகள் மட்டும் கேட்டனவேயன்றி முழக்கம் இல்லை. பழுது பார்க்க வந்தவர், "இரண்டும் போய்விட்டன, புதியன வாங்குங்கள்" என்று தீர்ப்புக் கூறிவிட்டார். மாணவர்கள் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதும் அதற்கே போய்விடும். அத்தீர்ப்பு சரிதானா என்று அறிவது எவ்வாறு?

ஒலிபெருக்கியின் உள்ளே இருப்பவை வலிய காந்தம் ஒன்று, அதன் இடுக்கில் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு, இவ்வளவே. மாறுகின்ற மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைய, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. 1925-ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இருவர் விளக்கிய இவ்வமைப்பே இன்றும் அடிப்படை. வினாடிக்கு 20 முதல் 100 அதிர்வுகள் வரையுள்ள ஒலியை எழுப்ப ஏராளமான காற்றை அசைக்க வேண்டும். ஆகவே சப்வூஃபரின் கூம்பும் பெரிது, சுருள் படும் பாடும் பெரிது. ஊட்டும் மின்னாற்றலில் நூற்றில் சில பங்கே ஒலியாகிறது, எஞ்சியது வெப்பம். அளவு மீறினால் சுருள் கருகும். அதை மூக்கே சொல்லிவிடும்.

சோதிக்குமுன் பெருக்கியை நிறுத்திக் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். பெட்டிக்குள்ளேயே பெருக்கி அமைந்த வகையானால், ஒலிபெருக்கியைத் தனியே பிரித்த பிறகே அளக்க வேண்டும். 8 ஓம் என்று பொறித்ததில் மல்டிமீட்டர் ஏறக்குறைய 6 ஓம் காட்டினால் திகைக்க வேண்டா. பொறித்தது மாறு மின்னோட்டத்திற்கு உரியது. மீட்டர் அளப்பது நேர் மின்னோட்டத்திற்கு உரிய தடை. தடை எல்லையற்றதாகக் காட்டினால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. மிகவும் குறைந்திருந்தால் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று பட்டிருக்கலாம்.

மீட்டர் நல்லதென்று சொல்லியும் சுருள் கோணியிருப்பதுண்டு. கூம்பின் இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்துங்கள். உராயும் ஓசை கேட்டால் பழுது உண்மையே. ஓரத்து நுரை வளையம் நாளடைவில் பொடிந்து உதிர்வதும் உண்டு. அப்போது வளையத்தை மட்டும் மாற்றினால் போதும், முழுவதையும் எறிவது வீண் செலவு.

அன்று அந்தப் பெட்டிகளில் இவற்றுள் ஒரு குறையும் இல்லை. பெருக்கியிலிருந்து கழற்றிய கம்பி முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பார்த்தோம். ஒரு கூம்பு முன்னே வந்தது. மற்றொன்று அதே தொடுகையில் பின்னே சென்றது! ஒரு பெட்டியில் நேர், எதிர்க் கம்பிகள் இடம் மாறியிருந்தன. 40 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர், பெட்டிகளோ 2 மீட்டர் இடைவெளியில் இருந்தன. ஒன்று தள்ளிய காற்றை மற்றொன்று இழுத்துக்கொண்டது. இரண்டும் உழைத்தன, அரங்கிற்குத்தான் ஒன்றும் எட்டவில்லை.

இரு கம்பிகளை இடம் மாற்றிச் செருகினோம். மாலைக் காட்சியில் இடி முழங்கியபோது முன்வரிசைக் குழந்தையொன்று வீறிட்டு அழுதது.