முள் குத்தியது காலுக்குத் தெரியவில்லை என்றால்...

வரப்பில் நடந்து வந்தவர் கிணற்றடியில் கால் கழுவுகிறார். தண்ணீரில் ரத்தம். குனிந்து பார்த்தால், உள்ளங்காலில் கருவேல முள் ஒடிந்து நிற்கிறது. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியாது. 'வலிக்கவே இல்லை, பெரிய காயமாக இருக்காது' என்று பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார். அவர் சர்க்கரை நோய் உள்ளவர் என்றால், பயப்பட வேண்டியதே அந்த 'வலிக்கவில்லை' என்பதற்குத்தான்.

நல்ல காலில் முள் ஏறினால் நடப்பது வேறு. தோலில் பரவிக் கிடக்கும் நரம்பு நுனிகள் குத்து, சூடு, அழுத்தம் ஆகியவற்றை உணர்ந்து மின் துடிப்பாக மாற்றி அனுப்புகின்றன. அந்தச் செய்தி முதலில் போய்ச் சேருவது தண்டுவடத்துக்கு. மூளையைக் கேட்காமலே தண்டுவடம் 'காலைத் தூக்கு' என்று உத்தரவு போட்டுவிடுகிறது. கால் மேலே வந்த பிறகுதான் மூளைக்கு வலி புரிகிறது.

வலி இரண்டு முறை வருவதையும் கவனித்திருக்கலாம். முதலில் 'சுரீர்'. அது நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி கொண்டுபோகும் நரம்புகளின் வேலை. ஒரு மூச்சு விட்ட பிறகு 'விண் விண்' என்று தெறிப்பது, நொடிக்குச் சுமார் 1 மீட்டர் மட்டுமே நகரும் மெல்லிய நரம்புகளின் வேலை. முதலாவது காலைக் காப்பாற்றுகிறது. இரண்டாவது, புண் ஆறும்வரை அந்தக் காலை ஊன்றவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

மிளகாய் சொன்ன ரகசியம்

சூட்டை நரம்பு எப்படி அறிகிறது என்பதைக் கண்டுபிடிக்க உதவியது மிளகாய். அதன் காரச்சத்து எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்று தேடிய அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர், 1997-ல் நரம்பு நுனியில் ஒரு சிறு 'கதவை'க் கண்டறிந்தார்கள். சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் கதவு அது. காரமும் அதையே திறந்துவிடுவதால்தான், மிளகாய் பட்ட கை சுட்டதுபோல் எரிகிறது. 2021-ல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. (காரம் தண்ணீரில் கரையாது. மிளகாய் காம்பு கிள்ளிய கையில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் எரிச்சல் குறையும்.)

வேலூரில் கிடைத்த பாடம்

வலி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை உலகுக்குச் சொன்ன இடங்களில் ஒன்று நம் வேலூர். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். அவர் கவனித்தது வேறு. நோய் நரம்பைக் கெடுத்ததால் வலி தெரியவில்லை. சுடும் பாத்திரத்தை அப்படியே பிடித்தார்கள், புண்ணான காலிலேயே நடந்தார்கள். இரவில் எலி விரலைக் கடித்தாலும் விழிக்கவில்லை. வீடு திரும்பும் நோயாளிகளிடம் ஆளுக்கொரு பூனையைக் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. சதையைத் தின்றது நோயல்ல, வலி இல்லாத அன்றாட வாழ்க்கை.

தொழுநோய் இன்று மாத்திரையில் குணமாகிவிடுகிறது. நிறம் மங்கி, தொட்டால் உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே சிகிச்சை உண்டு.

அதே வேலையை இப்போது சர்க்கரை நோய் செய்கிறது. ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால், உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதலில் பழுதாகின்றன. அதனால்தான் கால்விரலில் தொடங்குகிறது. மரத்துப்போவது, எறும்பு ஊர்வதுபோல் இருப்பது, செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது எல்லாம் அறிகுறிகள். 'ராத்திரியில் பாதம் எரிகிறதே, அப்படியானால் உணர்ச்சி நன்றாகத்தானே இருக்கிறது?' என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழுதான நரம்பு, எதுவும் படாமலேயே பொய்ச் செய்தி அனுப்பும். எரியும் காலிலேயே முள் குத்தினாலும் தெரியாமல் போகலாம்.

வலி பார்க்காத வேலையைக் கண்தான் பார்க்க வேண்டும். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். சேற்றில் இறங்கி வந்தால் விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். செருப்புக்குள் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்த பிறகே போட வேண்டும். வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் சோதிக்கக் கூடாது; கையும் மரத்துப்போனவர் வீட்டில் வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆணிக்காலை பிளேடால் சீவுவது கூடவே கூடாது.

சிறு காயமானாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, தடுப்பு ஊசி தேவையா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். காயம் இல்லாதவர்களும் ஆண்டுக்கு ஒரு முறை பாதத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம். மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி, 'தெரிகிறதா?' என்று கேட்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னால் போதும்.