சிலம்பமும் கராத்தேயும்

மதுரையைச் சூழ்ந்த கிராமங்களில் திருவிழாக் காலத்தில் சிலம்பம் நடந்தால், சீனத்துக்கும் ஜப்பானுக்கும் சண்டைவித்தை சொல்லிக் கொடுத்தவர்கள் நாமே என்று பெருமிதத்துடன் கூறுவோரைக் காணலாம். காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மர் ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு நம் வித்தையைக் கற்பித்தார், அதுவே பின்னர் கராத்தே ஆயிற்று என்பது கதை. கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆதாரம் என்ன?

போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு ஏறக்குறைய 547ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் புதல்வர் என்பது வேறொரு பழங்குறிப்பின் கூற்று. இரண்டிலும் சண்டைவித்தை இல்லை. அவரைத் தேகப்பயிற்சியுடன் முடிச்சுப் போட்ட நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்குப் பழமை தோன்றப் பொய்யான முன்னுரை ஒன்றும் ஒட்டப்பட்டது. ஆயிரம் ஆண்டு இடைவெளியை அபிமானத்தால் நிரப்பிவிட முடியுமா?

கராத்தேயின் சொந்த வீடு ஒகினாவாத் தீவு. அங்கே 'கட்டா' என்னும் அசைவு வரிசைகளே வித்தையின் ஏடுகள். அவற்றுள் குசாங்கு என்பது ஒரு சீனரின் பெயர். அவர் தீவில் மல்வித்தை காட்டியதை 1762ஆம் ஆண்டு ஜப்பானியக் குறிப்பு தெரிவிக்கிறது. ஆனால் மாணவர் முதலில் பயிலும் ஐந்து வரிசைகள் அவ்வளவு பழமையானவை அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதோசு அங்கோ என்னும் ஆசான், பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பழைய வரிசைகளைக் கொண்டு இயற்றியவை அவை. அவருடைய சீடரும் பள்ளி உபாத்தியாயருமான புனாகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் இவ்வித்தையைக் காட்டினார். 'சீனக் கை' என்று எழுதப்பட்டு வந்த பெயர், உச்சரிப்பு மாறாமலே, 1930களில் 'வெறுங்கை' என்று நிலைபெற்றது. தேசாபிமானம் எந்நாட்டிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது!

நம் வித்தைக்கு இரவல் புகழ் எதற்கு? சிலப்பதிகாரத்தையும் இதற்குச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை; அந்தச் சிலம்பு கண்ணகியின் காலில் கிடந்தது. சிலம்பு என்பதற்கு மலை என்றும் ஒலி என்றும் பொருள் உண்டு. மலை மூங்கிலோ, கழி சுழலும் ஓசையோ பெயருக்குக் காரணமாகலாம்.

இதைவிடக் கவனிக்கத் தக்கது அண்மைச் சரித்திரம். மருது சகோதரர்களின் எழுச்சி அடங்கியபின், 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்சீமையில் ஆயுதங்களைத் தடுத்துப் பிரகடனம் செய்தார். ஈட்டியையும் துப்பாக்கியையும் பறிக்கலாம்; மாடு மேய்ப்பவன் கைக்கழியைப் பறிப்பது எங்ஙனம்? வைகைச் சமவெளியில் இவ்வித்தை கழியோடு பிழைத்தது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கழி நெற்றியளவு இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் முதற்பாடம் கழியன்று, காலடி. அக்காலடி வரிசைகள் ஆசானுக்கு ஆசான் வேறுபடுகின்றன. பெரும்பாலும் ஏட்டில் ஏறாமல் அவர்கள் நினைவிலேயே இருக்கின்றன. வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளை இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அனுப்புங்கள். எந்த ஊர், யாரிடம் கற்றீர்கள், அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதட்டும். மூன்று தலைமுறையாவது தேறும்.