வீங்கின கைக்கு ஒத்தடமா? வேண்டாம்!

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ மதுரையிலோ மார்பக அறுவை சிகிச்சை முடித்துக் காரைக்குடி திரும்பும் ஆச்சிமார் சிலர், மாதங்கள் கழித்து, "ஐயா, கை கனக்குது, வலிக்குது, ரவிக்கைக் கை இறுக்குது. தைலம் குடுங்க" என்று என்னிடம் வருவார்கள். கொடுக்க மாட்டேன்.

அக்குளில் 20, 30 நிணநீர்க் கணுக்கள் உண்டு. அவற்றை எடுத்தாலோ, அங்கே கதிர்வீச்சு கொடுத்தாலோ, கையின் நீர் வடிய வழி குறைகிறது. தேங்குகிறது. சூடான ஒத்தடத்தில் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் அதிகமாகலாம். அழுத்தித் தேய்ப்பதும் ஆகாது. (சித்த வைத்தியனே இப்படிச் சொல்லலாமா என்கிறீர்களா? சொல்லத்தான் வேண்டும்!)

முதலில் அறுவை செய்த டாக்டரிடம் காட்டுங்கள். அளவெடுத்த அழுத்த உறை தருவார்கள். உட்காரும்போது கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, விரல்களை மடக்கி நீட்டுங்கள். அரிவாள்மனை வெட்டு, அடுப்புச் சூடு படக் கூடாது. கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.