பில் இல்லாத டயருக்கு நாதி இல்லை

நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டிப் பக்கம் லாரி வைத்திருப்பவர் டயர் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சீரியல் நம்பரை நோட்டில் எழுதுவார். எந்த வீலில் மாட்டினார், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போது ரீட்ரேட் போட்டார் என்பதற்கெல்லாம் கணக்கு வைத்திருப்பார். அதே வாசலில் நிற்கும் காருக்கு மட்டும் கடைக்காரர் உருட்டிவிட்டதை மாட்டிக்கொண்டு பில்கூடக் கேட்காமல் வந்துவிடுவார். சில மாதத்தில் டயர் பக்கவாட்டில் புடைத்ததும், கம்பெனியில் மாற்றித் தருவார்களா என்று ஊரெல்லாம் விசாரிப்பார். பில் இல்லாமல் போனால் கடைக்காரர் உங்களைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

பில் போட்டால் வரி சேரும் என்பதுதான் எல்லாரும் சொல்லும் காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் புது கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. வரிக்கு முந்தைய விலை நாலாயிரம் ரூபாய் என்றால் வரி 720 ரூபாய். இதை மிச்சம் பிடிக்கத்தான் வாரண்டியையும் வழக்குப் போடும் உரிமையையும் சேர்த்துக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

இன்னொரு தவறான சிக்கனம் செகண்ட்ஸ் டயர். லாரிக்கு ரீட்ரேட் ஓடுகிறதே, காருக்கு ஓடாதா என்று கேட்கிறார்கள். லாரி டயரின் உள்கூடு, மறுபடி பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்) ஏற்றினாலும் தாங்கும்படி தடிமனாகச் செய்யப்படுகிறது. கார் டயர் அப்படியல்ல. போதாக்குறைக்கு, தேய்ந்த டயரில் பிளேடால் கோடு வெட்டி, கருப்புப் பாலிஷ் அடித்துப் புதுசுபோல் விற்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வெட்டிய பள்ளத்துக்கு அடியில் ரப்பர் மிச்சமிருக்காது, நூல்தான் இருக்கும். சித்திரை வெயிலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு நாற்கர சாலையில் நூறில் போகும்போது அது வெடிக்கும்.

விலை குறைவாகவும் நம்பகமாகவும் வேண்டுமென்றால் டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். உதாரணமாக 165/80 ஆர்14 85டி. இதில் 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. இந்த இரண்டும் கம்பெனி சொன்னதற்குக் கீழே போகக்கூடாது. அழகுக்காக அகல டயர் போடுவது தேவையற்ற செலவு. கம்பெனி அளவில், பெயர் தெரிந்த நிறுவனத்தின் சாதாரண மாடலே அன்றாட ஓட்டத்துக்குப் போதும்.

அடுத்தது ஐஎஸ்ஐ முத்திரை. 2009-ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி வாகன டயருக்கு இது கட்டாயம். கார் டயருக்கான தர எண் ஐஎஸ் 15633. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அசலா என்று தெரியும்; புகாரையும் அதிலேயே பதியலாம். பிறகு டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம். 2324 என்றால் 2024-இன் 23-வது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் இல்லையென்றால் மறுபக்கம் பாருங்கள். துறையூர் தாண்டிப் பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்திலேயே எம்ஆர்எஃப் ஆலை இருக்கிறது. ஒரகடத்தில் அப்போலோ இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் டயர் செய்யும்போது மூன்று வருடம் குடோனில் கிடந்ததை முழு விலைக்கு ஏன் வாங்க வேண்டும்?

இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதியதைப் பின்னால் மாட்டுங்கள். முன்னால் மாட்டச் சொல்பவர்களே அதிகம். ஆனால் மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், ஸ்டியரிங்கால் பிடிக்க முடியாது. நைட்ரஜனுக்குத் தனிக்காசும் தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் காற்றளவு பார்த்தால் போதும். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான்.

பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அந்த டயர் சாலைக்கு ஆகாது. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு இருக்கும். பட்டன் அதன் மட்டத்துக்குத் தேய்ந்தால் அந்த அளவுதான். இதை யார் பார்க்கிறார்கள்? சொந்தக் காரை ஆர்டிஓ அலுவலகம் மறுபடி பார்ப்பது பதினைந்து வருடம் கழித்து. சாலையில் நிறுத்தும் போலீஸ்காரர் ஆர்சி புத்தகத்தைப் பார்ப்பார், குனிந்து டயரைப் பார்க்க மாட்டார். விபத்து நடந்த பிறகு மட்டும் எல்லாரும் பார்ப்பார்கள். 2010-இல் புனேயிலிருந்து மும்பை போன காரின் டயர் வெடித்து ஒருவர் இறந்த வழக்கில், அது கடவுள் செயல் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் வாதாடியது. அது மனிதக் கவனக்குறைவு என்று 2023-இல் மும்பை உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. சொந்த வண்டிச் சேதத்துக்கான சாதாரண பாலிசியில் டயர் மட்டும் கெட்டால் ஒன்றும் கிடைக்காது. காரும் சேர்ந்து சேதமானால்தான் டயர் விலையில் பாதி.

சரி, புது டயர் கெட்டுவிட்டது. என்ன செய்வது? முதலில், டயரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். "கம்பெனிக்கு அனுப்புகிறேன், வைத்துவிட்டுப் போங்க" என்பார்கள். சீரியல் நம்பர், தயாரிப்பு வாரம், பழுது மூன்றையும் படம் எடுத்து, ஒப்படைத்ததற்குத் தேதியிட்ட ரசீது வாங்கிய பிறகே கொடுங்கள். கம்பெனி ஆள் பட்டன் ஆழத்தை அளந்து, மீதமிருக்கும் அளவுக்கு ஏற்பத்தான் கழிவு தருவார். முழு விலையை எதிர்பார்க்காதீர்கள். குழியில் அடிபட்டது என்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், டயரைத் திரும்ப வாங்குங்கள். வாய்வார்த்தை மறுப்பை வைத்துக்கொண்டு எங்கும் போக முடியாது.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். பல விஷயம் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டயரைச் சேலத்திலோ கரூரிலோ வாங்கியிருந்தாலும், எருமப்பட்டியில் குடியிருப்பவர் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாமக்கல்லிலேயே மனுப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுக்கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். பழுது தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில், வாரண்டி அட்டை, படங்கள், மறுப்புக் கடிதம், 1915 புகார் எண் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். ஆணையம் டயரை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சொல்லலாம். அந்தக் கட்டணத்தை நீங்கள் முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். சோதிக்க டயர் வேண்டுமே! அதனால்தான் மறுபடி சொல்கிறேன், ரசீது இல்லாமல் டயரை விட்டுவிட்டு வராதீர்கள்.

சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. அடுத்த முறை டயர் வாங்கும்போது பில்லில் அளவோடு சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் டயர் வாங்காதீர்கள்.